என்ஜின் பங்காளிச் சண்டை: சிறு விமானம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் நாலைந்து பேராகக் கூட்டுச் சேர்ந்து பழைய செஸ்னாவோ பைப்பரோ வாங்கி, சனி ஞாயிறுகளில் பறக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் விமானம் 1974-ஆம் ஆண்டு செஸ்னா 172எம். ஐந்து பேர் பங்கு. ஒஹையோவில் ஒரு சின்ன விமான நிலையத்தில் இருக்கிறது. இப்போதைக்கு அது ஹேங்கருக்குள் மூக்கில்லாமல் நிற்கிறது. என்ஜின் ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்க, போயிருக்கிறது. 30,000 டாலரைத் தாண்டும் என்று எஸ்டிமேட் வந்திருக்கிறது. பணம் போவதைவிட, அந்த என்ஜினைக் காப்பாற்றுவது எப்படி என்று மூன்று மாதம் சண்டை போட்டோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நீங்களும் இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சண்டை டிசம்பரில் ஆரம்பித்தது. பனிக்காலம், தாழ்வான மேகம், பறக்க வழியில்லை. சும்மா நிற்கும் என்ஜினை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. எங்களில் மூத்தவர் (எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்) வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும் என்றார். இன்னொருவர், அதைத் தொடவே கூடாது என்றார். மூன்றாமவர், இரண்டும் வேண்டாம், புதன்கிழமைதோறும் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்றார். நான் மூன்றாமவர் பக்கம். நம் ஊர்ப் பழக்கம் அது. அப்பா வெளியூர் போனால் "ஸ்கூட்டரை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுடா" என்று சொல்லிவிட்டுத்தானே போவார்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணனிடமும் அச்சடித்த ஆதாரம் இருந்தது, அவரை எதிர்த்தவரிடமும் இருந்தது. 1970-களின் செஸ்னா கையேட்டில், விமானம் சும்மா நின்றால் ஏழு நாளுக்கு ஒருமுறை புரொப்பெல்லரைக் கையால் ஐந்து சுற்று சுற்றச் சொல்லியிருக்கிறது. முப்பது நாளானால் அரை மணி நேரம் பறக்கவேண்டும், அல்லது எண்ணெய் ஓரளவு சூடாகும்வரை தரையிலேயே ஓட்டலாம் என்றும் இருக்கிறது. அதே விமானத்தில் உட்கார்ந்திருக்கும் ஓ-320 என்ஜினைச் செய்த லைகமிங் நிறுவனம், கையால் சுற்றுவது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும் என்று தன் சேவைக் கடிதத்தில் எழுதியிருக்கிறது. தரையில் ஓட்டுவது பறப்பதற்கு ஈடாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. விமானம் செய்தவர் ஒன்று சொல்கிறார், என்ஜின் செய்தவர் வேறொன்று சொல்கிறார். நடுவில் நாம் ஆளுக்கொரு தாளைப் பிடித்துக்கொண்டு நாட்டாமை செய்கிறோம்.

நான் இப்போது லைகமிங் பக்கம் வந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இந்த என்ஜினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கிராங்க்ஷாஃப்டுக்கு (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) மேலே இருக்கிறது. ஓடும்போது கீழிருந்து தெறிக்கும் எண்ணெய்தான் கேமின் மேடுகளை நனைக்கிறது. நிறுத்தினால் எண்ணெய் மெல்ல வழிந்து கீழே போய்விடும். மேலே ஒரு மெல்லிய படலம்தான் மிஞ்சும். கையால் ஐந்து சுற்று சுற்றினால் எண்ணெய் தெறிக்கிற வேகம் வராது. இருக்கிற படலத்தையும் வழித்துவிடுவோம், அவ்வளவுதான். பத்து நிமிடம் தரையில் ஓட்டுவது இன்னும் மோசம். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். அந்த ஆவியில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே இறங்கும். எண்ணெய் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி அரை மணி, ஒரு மணி நேரம் அப்படியே இருந்தால்தான் அந்த ஈரம் வெளியேறும். அதற்குள் நாம் என்ஜினை நிறுத்திவிட்டு, கடமை முடிந்தது என்று காப்பி குடிக்கப் போய்விடுகிறோம். அப்பாவின் ஸ்கூட்டருக்குச் சொன்னதை விமானத்துக்குச் சொன்னது என் தப்பு.

கையால் சுற்றுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதில் விவாதத்துக்கே இடமில்லை. விமானத்தில் பெட்ரோலைப் பற்றவைக்கும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம், தானே மின்பொறி உண்டாக்கும். சாவியை அணைத்தால் அது ஒரு கம்பி வழியாகத் தரையோடு இணைந்து செயலற்றுப் போகும். அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால், சாவி அணைந்திருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தால் போதும், புரொப்பெல்லர் ஒரு உதை உதைக்கும். இப்படிக் கை போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. செஸ்னா கையேடே சாவி, திராட்டில் (வேகக் கைப்பிடி), மிக்ஸ்சர் (எரிபொருள் கலவைக் கைப்பிடி) மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் தொடச் சொல்கிறது. ஆலோசனை சொன்ன நம் ஆட்கள் யாரும் இந்தப் பகுதியைச் சொல்லவில்லை. ஐந்து சுற்று என்பது மட்டும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முடிவு எட்டவில்லை. அதனால் ஆளாளுக்குத் தங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்தார்கள். ஞாயிறுதோறும் அண்ணன் வந்து சுற்றினார். புதன்தோறும் நாங்கள் வந்து பத்து நிமிடம் ஓட்டினோம். இடையில் வானம் தெளிந்த நாட்கள் நாலைந்து இருந்தன. அன்றைக்கெல்லாம் ஹேங்கரில் வாக்குவாதம் நடந்தது. பதினோரு வாரம் அந்த விமானம் தரையைவிட்டு எழும்பவில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச்சில் எண்ணெய் மாற்றும்போது மெக்கானிக் ஃபில்டரை வெட்டித் திறந்தார். உள்ளே இருக்கும் காகித மடிப்பைப் பிரித்து வெயிலில் காட்டினார். மினுமினுவென்று துகள்கள். காந்தத்தைக் கொண்டுபோனார், ஒட்டிக்கொண்டன. ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது, கேமைத் தொடும் டாப்பெட்டின் முகம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. அந்தப் பதினோரு வாரம்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எங்களுக்கு முன்பு வைத்திருந்தவர் வருடக்கணக்கில் நிறுத்திப் போட்டிருந்தார், துரு அப்போதே விழுந்திருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். நாங்கள் அதற்கு உரம் போட்டோம், அது நிச்சயம்.

இப்போது நீங்கள் போடும் மற்ற சண்டைகள். முதலில் டி.பி.ஓ., அதாவது ஓவர்ஹாலுக்கும் ஓவர்ஹாலுக்கும் இடையில் எவ்வளவு ஓட்டலாம் என்பது. ஓ-320-க்கு லைகமிங் சொல்வது 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு. நம்மைப்போலச் சொந்தமாகப் பறப்பவர்களுக்கு இது சட்டம் அல்ல, பரிந்துரைதான். ஒரு கூட்டம் 2,000 வந்ததும் கழற்று என்கிறது. இன்னொரு கூட்டம், நல்லா ஓடுகிற என்ஜினை ஏன் நோண்டுகிறாய் என்கிறது. இரண்டாவது கூட்டத்துக்குப் பிடித்த கதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் இருந்த லிபரேட்டர் விமானங்களைக் கவனித்த வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர், 50 மணி நேரப் பராமரிப்பு முடிந்த கையோடு பழுதுகள் கூடுவதையும், பறக்கப் பறக்கக் குறைவதையும் கண்டார். பராமரிப்பே பழுதைக் கொண்டுவந்தது என்று பொருள். இன்னொரு சான்று 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலன், ஹீப் இருவரும் எழுதிய அறிக்கை. விமானப் பாகங்களில் நூற்றுக்கு 89 வகைக்கு, இத்தனை மணி ஆனதும் மாற்று என்று கெடு வைப்பதால் பயனில்லை என்றது அது.

இரண்டும் உண்மை. எனக்கும் பிடிக்கும். ஆனால் லிபரேட்டர்கள் நாள்தவறாமல் பறந்தவை, யுனைடெட் விமானங்களும் அப்படியே. மாதம் மூன்று மணி நேரம் பறக்கும் நம் விமானத்துக்கு அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவர முடியுமா? தவிர, மணிக் கணக்கை விட்டு என்ஜினின் நிலையைப் பார்த்து ஓட்டுவது என்றால் நிலையைப் பார்க்கவேண்டும். ஃபில்டரை வெட்டாமல், போர்ஸ்கோப் (சிலிண்டருக்குள் விடும் குட்டிக் கேமரா) விட்டு வால்வைப் பார்க்காமல், எண்ணெயை ஆய்வுக்கு அனுப்பாமல், "நான் நிலையைப் பார்த்து ஓட்டுகிறேன்" என்று சொல்பவர் சும்மா கஞ்சத்தனம் பண்ணுகிறார். எங்கள் என்ஜின் ஓவர்ஹால் ஆகி 1,400 மணிதான் ஓடியிருந்தது, ஆனால் 19 வருடம் ஆகியிருந்தது. மணிக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உடனே கழற்று என்கிற மறுபக்கத்தின் அவசரத்தையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு வருடாந்தரச் சோதனையில் மூன்றாவது சிலிண்டர் 80-க்கு 58 காட்டியது. 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை அனுப்பி, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் சோதனை அது. 60-க்குக் கீழே போனதால் நாலு சிலிண்டரையும் கழற்றலாம் என்றார் ஒரு பங்காளி. மெக்கானிக் கேட்டது ஒரே கேள்வி: காற்று எங்கே சீறுகிறது? புகைக்குழாயில் காது வைத்தோம், சத்தமில்லை. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறியது. அப்படியென்றால் வெளியேற்று வால்வு நன்றாக இருக்கிறது, வளையங்களில்தான் கசிவு. பத்து மணி நேரம் பறந்துவிட்டு வாருங்கள் என்றார். வந்தோம். 72. அன்றைக்கு நாலு சிலிண்டரையும் கழற்றி, திரும்பப் பூட்டும்போது போல்ட் இறுக்கத்தில் தப்பு நேர்ந்திருந்தால் கிராங்க்ஷாஃப்ட் பேரிங் நகர்ந்து நடுவானில் என்ஜின் நின்றிருக்கலாம். அப்படி நடந்த விபத்துகள் இருக்கின்றன.

எரிபொருள் கலவையை மெலிதாக்கி, அதாவது காற்றோடு சேரும் பெட்ரோலைக் குறைத்து, ஓட்டுவது பற்றிய சண்டையில் நான் அதிகம் இறங்கப்போவதில்லை. ஒன்று மட்டும். 1944-இல் பசிபிக் போர்முனையில் புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க், பி-38 போர் விமானங்களை ஓட்டியவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து அவர்களின் தூரத்தைக் கூட்டினார் என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். உண்மைதான். ஆனால் அவர் கற்றுக்கொடுத்தது சுழற்சியைக் குறைத்து, உள்ளிழுக்கும் அழுத்தத்தைக் கூட்டி ஓட்டும் முறை. எங்கள் 172-இல் புரொப்பெல்லர் கோணம் மாறாது. இரண்டையும் தனித்தனியாகத் திருக ஒரு கைப்பிடியே கிடையாது! தவிர எங்களுடையது கார்பரேட்டர் என்ஜின். நாலு சிலிண்டருக்கும் கலவை ஒரே அளவாகப் போய்ச் சேராது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வைத்த பொனான்ஸா விமானக்காரர் சொல்வதை இதில் செய்தால் என்ஜின் நடுங்கத்தான் செய்யும்.

என் குறை இதுதான் நண்பர்களே. ஆலோசனை சொல்லும்போது எந்த என்ஜினுக்குச் சொல்கிறீர்கள் என்று சொல்வதே இல்லை. 172 என்று பொதுவாகச் சொன்னால் போதாது. 1977 முதல் 1980 வரை வந்த 172என்-இல் இருப்பது ஓ-320-எச்2ஏடி. கேமும் டாப்பெட்டும் தேய்வதில் பெயர் கெட்ட என்ஜின். அதற்கு எண்ணெயில் ஒரு குறிப்பிட்ட சேர்மானம் இருந்தாக வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத் துறை) உத்தரவே இருக்கிறது. எங்கள் 172எம்-இல் இருப்பது ஓ-320-ஈ2டி. இதற்கு அந்த உத்தரவு கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே விமானம். "சேர்மானம் ஊற்றாவிட்டால் சட்டவிரோதம்" என்று ஒருவரும், "அதெல்லாம் வியாபார தந்திரம்" என்று இன்னொருவரும் எங்கள் ஹேங்கரில் முகம் சிவக்கக் கத்தினார்கள். முதலாமவர் ஓட்டுவது 172என். இரண்டாமவர் எங்கள் பங்காளி. என்ஜின் எண்ணைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்று. விமானம் பறக்கத் தகுதியான நிலையில் இருப்பதற்கு முதல் பொறுப்பு உரிமையாளருக்குத்தான் என்று சட்டம் சொல்கிறது, மெக்கானிக்குக்கு அல்ல. எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை விமானி உரிமம் உள்ள உரிமையாளரே செய்து லாக்புக்கில் எழுதலாம். அதைச் செய்யுங்கள். அப்போதுதான் என்ஜின் எப்படி இருக்கிறது என்று நம் கைக்கே தெரியும். ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரம், வெறும் சல்லடை என்றால் 25 மணி நேரம், எப்படி இருந்தாலும் நாலு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்று என்கிறது லைகமிங். நம்மில் பலருக்கு நாலு மாதம்தான் முதலில் வரும். எல்லோரும் 50-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஐந்து பேரும் போன வாரம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். வானம் தெளிந்த நாளில், முறைப்படி யார் முறையோ அவர் ஒரு மணி நேரம் பறந்தே ஆகவேண்டும். பறக்க முடியாத குளிர்காலம் என்றால், என்ஜினை முறையாகப் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக் போட்டு மூடிவிடுவோம். யாரும் சுற்றுவதில்லை, யாரும் பத்து நிமிடம் ஓட்டுவதில்லை. அண்ணனும் கையெழுத்துப் போட்டார். "செஸ்னாக்காரன் என்ன முட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

ஃபில்டர் வெட்டும் கருவி எங்கள் ஹேங்கரில் கதவுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் திருப்பிக் கொண்டுவந்து வையுங்கள். பழையதை வாங்கிப்போனவர் இன்னும் தரவில்லை, இது நான் புதிதாக வாங்கியது.

அன்புடன்,
ஐந்தில் ஒரு பங்குக்காரன்