மீகாங் கழிமுகத்தில் மலையும் உண்டு, பனையும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வியட்நாமின் மீகாங் கழிமுகம் பற்றி வெளியான கட்டுரை, ஹோ சி மின் நகரிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகுச் சவாரியோடு நின்றுவிட்டது. கம்போடிய எல்லையை ஒட்டிய அன் கியாங் மாகாணத்தை விட்டுவிட்டால் அந்த ஆற்றின் இயல்பு வாசகருக்கு விளங்காது.

மீகாங் ஆறு தியென், ஹாவ் என்னும் இரு கிளைகளாக வியட்நாமுக்குள் நுழைவது இம்மாகாணத்தின் வழியாகத்தான். ஏறத்தாழ ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பெருகும் வெள்ளம் வயல்களுக்கு வண்டலையும் மீனையும் கொண்டுவருவதால், உழவர்கள் அதை எதிர்பார்த்தே காத்திருக்கிறார்கள். பொடி மீனான லின் மீனோடு சித்தகத்தியின் மஞ்சள் பூவைச் சேர்த்து வைக்கும் புளிப்புக் குழம்புதான் அந்தப் பருவத்தின் உணவு. ஆற்றின் மேற்பகுதியில் எழுந்த அணைகளாலும், மூன்று போகம் விளைவிக்க உயர்த்திய கரைகளாலும் இந்த வெள்ளம் வயலேறுவது குறைந்துவருவது மிகுந்த கவலைக்குரியது.

கழிமுகம் முழுவதும் தட்டை நிலம் என்று கட்டுரை சொல்வதும் சரியன்று. இங்கே 'ஏழு மலைகள்' என்னும் தொடர் இருக்கிறது. அதிலுள்ள காம் மலை சுமார் 700 மீட்டர் உயரம். அடிவாரத்தில் திரி தோன், தின் பியென் பகுதிகளின் வயல் வரப்புகளில் பனைகள் வரிசையாக நிற்கின்றன. இங்கு வாழும் கெமர் இன மக்கள் மரத்தோடு கட்டிய மூங்கிலைப் பிடித்து ஏறி, பாளை சீவிச் சாறு இறக்கி, பெரிய கொப்பரையில் காய்ச்சி, வட்டு வட்டாக வார்த்த வெல்லத்தைப் பனையோலையில் சுற்றி விற்கிறார்கள். பனைத் தொழில் தேய்ந்துவரும் நம் தென் மாவட்டத்தார் அவசியம் காண வேண்டிய இடம் இது.

பா தே மலையடியிலுள்ள பண்டைய துறைமுக நகரான ஓக் இயோவில் 1944-இல் லூயி மாலரே நடத்திய அகழாய்வில் ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் பொற்பதக்கமும், பிராமி எழுத்து பொறித்த பொருள்களும் கிடைத்தன. சௌ தோக் நகரை ஒட்டிய சாம் மலைக் கோயிலில் இன்று பெண் தெய்வமாக வணங்கப்படும் சிலை முதலில் திருமாலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அக்கோயிலின் திருவிழாவை 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

2025 ஜூலை முதல் அண்டை மாகாணமான கியென் கியாங் அன் கியாங்கோடு இணைந்துவிட்டதால், ஃபூ குவோக் தீவும் இப்போது அன் கியாங்கைச் சேர்ந்தது. பழைய வரைபடத்தோடு செல்பவர்கள் குழம்பக்கூடும். சௌ தோக் நகரில் இரண்டு இரவாவது தங்கும்படியான பயணக் குறிப்பொன்றை வெள்ளப் பருவம் தொடங்குமுன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி