கல்லாவில் உட்கார்ந்தவர்கள்

அன்பு மகளுக்கு,

சிகாகோவின் கிரீன் மில் விடுதியில் எடுத்த படம் வந்தது. அந்த ஊரின் பழைய கள்ளச்சாராயக் கும்பல் தலைவனை நினைத்து, "அல் கபோன் உட்கார்ந்த இடமாம்" என்று எழுதிவிட்டு, அத்தனை பெரிய ஜாஸ் கலைஞர்கள் ஏன் ரவுடிகளிடம் போய் வாசித்தார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். வருமான வரித் துறையில் காலம் தள்ளியவனிடம் கேட்டால் கணக்குத்தான் பதிலாக வரும்.

1920இல் மதுவிலக்கு வந்தபோது அமெரிக்காவில் குடி நிற்கவில்லை, கைமாறியது. கள்ளச்சாராயம் விற்பவனுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு விடிய விடிய வாத்தியம் வேண்டும். கறுப்பினக் கலைஞர்களுக்குப் பல அரங்குகள் கதவைத் திறக்காத காலம் அது. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லம் பகுதியின் காட்டன் கிளப்பை எடுத்துக்கொள். முதலாளி ஓவ்னி மேடன், கொலை வழக்கில் சிறைக்குப் போனவன். மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும். 1927 டிசம்பரில் பியானோ கலைஞர் டியூக் எலிங்டன் தன் குழுவோடு அங்கே சேர்ந்தார். இரவுக்கு இரவு அதே குழு, அதே மேடை, ஆட்டங்களுக்குப் புதிது புதிதாக இசை எழுத வேண்டிய நெருக்கடி, போதாததற்கு வானொலி ஒலிபரப்பு. அவர் இசையமைப்பாளராகத் தேறியது அங்கேதான். இதற்காக மேடனுக்கு மாலை போட வேண்டாம். அவன் கடை திறந்தது பீர் விற்க.

அதற்கு முந்தைய மாதம் சிகாகோவில் நடந்ததையும் கேள். நீ படம் எடுத்த அதே கிரீன் மில்லில் பாடிக்கொண்டிருந்த ஜோ ஈ. லூயிஸ், கூடுதல் சம்பளத்துக்காக வேறு விடுதிக்கு மாறினார். அவர் தங்கியிருந்த ஓட்டல் அறைக்குள் புகுந்து முகத்தையும் கழுத்தையும் கத்தியால் கிழித்துப் போட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் பேச்சையே திரும்பப் பழக வேண்டியிருந்தது. பாட்டு போயிற்று, நகைச்சுவை சொல்லிப் பிழைத்தார். ராஜினாமாவை அங்கே அப்படித்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

1931இல் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் ரவுடிகள் துப்பாக்கி காட்டி நியூயார்க்குக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை, சிகாகோவை விட்டே கிளம்பிவிட்டார். அதே ஆண்டு கபோனுக்கு 11 ஆண்டு சிறைத் தண்டனை. எதற்குத் தெரியுமா? வருமான வரி ஏய்ப்புக்கு! இதைச் சொல்லாமல் என்னால் கடிதத்தை முடிக்க முடியாது.

1933இல் மதுவிலக்கு ஒழிந்தது. இந்த ஆட்கள் ஒழியவில்லை. நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் விடுதியை நடத்திய மோரிஸ் லெவிக்கு மாஃபியா தொடர்பு உண்டு, ஆனால் சாராயம் தேவைப்படவில்லை. பாட்டின் உரிமையே போதுமானதாக இருந்தது. 1952இல் அந்த விடுதிக்காக பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங் போட்ட 'லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்' மெட்டின் வெளியீட்டு உரிமை, அதாவது அந்த மெட்டைப் பிறர் பயன்படுத்தும்போது வரும் பணத்தில் பங்கு பெறும் உரிமை, லெவியிடம் போனது. பிற்காலத்தில், பிறர் எழுதிய பாட்டுகளில் எழுதியவராகத் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். மிரட்டிப் பணம் பறிக்கும் சதியில் 1988இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறைக்குப் போகும் முன்பே இறந்துவிட்டார்.

உன் குழுவுக்கு ஒலிப்பதிவு ஒப்பந்தம் வந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். முன்பணத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறாய். வெளியீட்டு உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. நான் படித்து முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா