ஜூனோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கச்சி எழுதிய கடிதம் கிடைத்து ஒரு மாசம் ஆச்சு. வள்ளத்தை விற்கப் போவதாக எழுதியிருந்தாள். அதைப் படித்தபிறகு பேனா எடுக்கவே மனசு வரவில்லை. கோபப்படாதீங்க.

இங்கே அலாஸ்காவில் ஓயாத மழை. நான் சௌக்கியம். நாலு பேர் தங்கும் அறைக்கு மாறிவிட்டேன், பேச்சுத்துணை இருக்கிறது. ஆளுக்கொரு ஷிஃப்ட் என்பதால் பார்த்துக்கொள்வதுதான் அபூர்வம். பக்கத்து வீட்டுப் பெரியவர் புகை போட்ட சால்மன் கொடுத்தார். மிச்சமிருந்த புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். அம்மா வைக்கும் ருசி வரவில்லை.

அந்தப் பெரியவர் டிலிங்கிட் பழங்குடி. ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரம் ஒன்றையே குடைந்து தோணி செய்கிறார். அவங்க பாஷையில் ‘யாக்கு’. மரத்துக்கும் உயிர் உண்டென்று, வெட்டுமுன் அதனிடம் பேசி நன்றி சொல்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சீவல் அள்ளுகிறேன். வெளிப்பக்கம் ஒரே நீளத்தில் மர ஆணி அடித்துவைத்து, உள்ளே வாய்ச்சியால் செதுக்குகிறார். ஆணியின் முனை தெரிந்ததும் அந்த இடத்தில் கை நின்றுவிடும். மரத்தின் தடிமன் எங்கேயும் மாறாது. பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றி, நெருப்பில் பழுத்த கல்லைப் போட்டு மூடினார். ஆவியில் மரம் இளகிப் பக்கங்கள் விரிய, முன்னும் பின்னும் தானாக மேலே எழும்பியது. நீங்க பார்த்திருக்கணும் அப்பா.

அவர் சொந்த ஊர் அங்கூன். 1882 அக்டோபர் 26இல் அமெரிக்கக் கடற்படை அந்த ஊரைக் குண்டு போட்டு எரித்தது. இறந்துபோன தங்கள் மந்திரவாதிக்கு ஊர் ஈடு கேட்டதற்கு, 400 போர்வை அபராதம் கட்டு என்றார்களாம். தோணிகளையும் உடைத்தார்கள். குளிர்காலம் வருகிற நேரம், மீன் பிடிக்கத் தோணி இல்லை. வெளியே போயிருந்த ஒரே தோணி தப்பியது. அதை வைத்துத்தான் ஊர் பிழைத்தது. கடற்படை மன்னிப்புக் கேட்டது 2024இல்தான். இதைச் சொல்லும்போது பெரியவர் கை தோணி விளிம்பிலேயே இருந்தது.

ஈர மரத்தின் வாசம் நம் கொட்டகை வாசம். உள்ளே குனிந்தவன் அப்படியே அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாய்ச்சியை என் கையில் கொடுத்தார்.

அப்பா, எஞ்சினை வேண்டுமானால் விற்றுவிடுங்க. வள்ளம் இருக்கட்டும். சங்கக் கடனுக்குப் பெரியப்பாவிடம் சொல்லி இரண்டு மாசம் தவணை கேளுங்க. இந்தத் தடவை பணம் குறைவாக வரும், பேங்கில் ஏதோ தாமதம். அதில் முதலில் தங்கச்சி ஃபீஸ், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை. கொல்லத்து மாமாவிடம் கைநீட்ட வேண்டாம்.

வள்ளத்தை மேடேற்றி ஓலை போடுங்க. இங்கேயும் வெயில் நாளில் தோணிமேல் பாய் விரித்துத் தண்ணீர் தெளிப்பார்களாம், வெடிக்காமலிருக்க.

உங்கள் மகன்