பில் எவன்ஸ் சாயங்காலத்துக்கு கை கொடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மென்ட் ஹால்ல உக்காந்து ஜாஸ் பியானோ வாசிச்ச பில் எவன்ஸோட ரெக்கார்டு கேட்டோமே, அதுக்கு உதவுனவங்களுக்கெல்லாம் அன்னிக்கே நன்றி சொல்லணும்னுதான் எழுந்தேன், தொண்டை அடைச்சுக்கிச்சு, அதான் இப்ப எழுதுறேன்.

அவர் பொறந்தது நம்ம நியூ ஜெர்சில பிளெய்ன்ஃபீல்டு, 1929. நான் எத்தனையோ தடவை ட்ரெயின்ல அந்த ஸ்டேஷனைத் தாண்டி போயிருக்கேன், தெரியாமலே!

முதல் நன்றி மூணாவது மாடி பெரியவருக்கு. டர்ன்டேபிள், ஸ்பீக்கர், நாப்பது வருஷமா பொத்தி வெச்சிருந்த ரெண்டு எல்பி, எல்லாத்தையும் யோசிக்காம தூக்கிக் குடுத்தீங்க சார். அப்புறம் 2005ல வந்த மூணு சிடி செட்டைக் கொண்டுவந்த தம்பி, அதை வெச்சுத்தானே அந்த ஒரு நாளை வரிசையா கேக்க முடிஞ்சது. 1961 ஜூன் 25, நியூயார்க்ல வில்லேஜ் வான்கார்ட்ங்கிற ஜாஸ் கிளப், மத்தியானம் ரெண்டு தடவை ராத்திரி மூணு தடவை மேடை ஏறி வாசிச்சிருக்காங்க. முதல் பாட்டுலயே கரண்ட் போய் டேப்ல கொஞ்சம் காணாம போயிடுது பாருங்க, அந்த இடத்துல ஹால்ல ஒருத்தர் கூட மூச்சு விடல. பின்னாடி கிளாஸ் சத்தம், யாரோ பேசுற சத்தம், எல்லாம் அப்படியே இருக்கு. அந்த டேபிள்ல இருந்தவங்களுக்கு தாங்க என்ன கேட்டுக்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சிருக்குமா?

பதினோரு நாள்தான். ஜூலை 6, அன்னிக்கு எவன்ஸ் கூட பாஸ், அதான் அடி நோட்டு குடுக்குற பெரிய தந்தி வாத்தியம், வாசிச்ச ஸ்காட் லஃபாரோ கார் ஆக்சிடென்ட்ல போயிட்டார், வயசு 25. எவன்ஸ் மாசக்கணக்கா வாசிக்கவே இல்ல. அந்த ஞாயித்துக்கிழமைல இருந்து வந்த முதல் ஆல்பம் லஃபாரோவோட 'குளோரியாஸ் ஸ்டெப்'ல ஆரம்பிச்சு அவரோட 'ஜேட் விஷன்ஸ்'லயே முடியுது. அன்னிக்கு டேப் ஓடாம இருந்திருந்தா இதுல ஒண்ணுமே நம்ம கைக்கு வந்திருக்காது, அதனால ரெக்கார்டு பண்ண டேவ் ஜோன்ஸ், தயாரிச்ச ஓரின் கீப்நியூஸ், இவங்களுக்கும் இந்த லெட்டர்லயே நன்றி சொல்லிக்கிறேன்.

பியானோ டீச்சர் அம்மா, நீங்க இல்லன்னா எனக்கு பாதி புரிஞ்சிருக்காது. இடது கையில பல நோட்டை ஒண்ணா சேத்து கார்டு (chord) புடிக்கும்போது அடி நோட்டை எவன்ஸ் வேணும்னே விட்டுடறார், அது பாஸ்காரருக்கு விட்ட இடம்னு கீபோர்டுல வாசிச்சே காமிச்சீங்க. இருபது வருஷமா கேக்குறேன், அந்த காலி இடம் அன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு, அதுக்கப்புறம் லஃபாரோ இல்லாத ரெக்கார்டு எதையும் பழைய மாதிரி என்னால கேக்க முடியல. 1958ல தனியா வாசிச்ச 'பீஸ் பீஸ்', இடது கை அந்த ரெண்டு கார்டையே சுத்திச் சுத்தி வருது, அதுக்கு குழந்தைங்க கூட அமைதியா இருந்ததும் உங்களாலதான்.

சுக்கு காபியும் சுண்டலும் பண்ண பக்கத்து வீட்டு அக்காவுக்கு தனியா ஒரு நன்றி. 'வால்ட்ஸ் ஃபார் டெபி' எவன்ஸ் தன்னோட அண்ணன் ஹாரியோட பொண்ணுக்காக எழுதுனதுன்னு சொன்னதும் உங்க அண்ணன் பொண்ணுக்கு உடனே போன் போட்டு கேக்க வெச்சீங்களே அக்கா, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

கடைசியா போட்டது 1977ல வாசிச்சது, ஹாரிக்காக எழுதுன 'வி வில் மீட் அகெய்ன்'. 1979ல ஹாரி போயிட்டார், 1980 செப்டம்பர்ல இவரும் போயிட்டார், ஆல்பம் வெளிய வந்தது 1981ல. அது முடிஞ்சும் யாரும் லைட் போடல, ஊசி மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு, பெரியவர்தான் மெதுவா எழுந்து போய் எடுத்து வெச்சார்.

சார், ரெண்டு எல்பியும் துடைச்சு கவர்ல போட்டு வெச்சிருக்கேன், சனிக்கிழமை காலைல மேல கொண்டுவந்து தர்றேன்.