42 சொற்களில் ஒரு மரணச் செய்தி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா தேறி வருகிறார் என்றறிந்து நிம்மதி. மகள் இதழியல் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. இதை அவளுக்கும் படிக்கக் கொடு.

அரபு ஊடகங்களைப் பற்றிய கட்டுரையை "அங்கே சுதந்திரம் கிடையாது, அதனால் யாரும் நம்புவதில்லை" என்று தொடங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் சேகர். இருபத்திரண்டு நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டினால் எதுவும் தெரியாமல் போகும். எகிப்தில் தொடங்கு. நம்பிக்கை எப்படிக் கரைந்தது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

2019 ஜூன் 17. 2013-இல் இராணுவம் பதவியிலிருந்து இறக்கிய முன்னாள் அதிபர் முகமது முர்சி நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்து இறந்தார். மறுநாள் எகிப்திய நாளேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டது. அநேகமாக எல்லாவற்றிலும் உள்பக்கத்தில் அதே 42 சொற்கள். அவர் அதிபராக இருந்தவர் என்ற தகவலே அதில் இல்லை. அல் மஸ்ரி அல் யவ்ம் நாளேடு மட்டும் முதல் பக்கத்தில் போட்டது. அந்த வாசகம் அரசுத் தரப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் நாளேட்டு ஆசிரியர்களுக்குப் போனது என்று மதா மஸ்ர் என்ற சுயேச்சைச் செய்தித் தளம் எழுதியது. தொலைக்காட்சியில் இன்னும் மோசம்: எக்ஸ்ட்ரா நியூஸ் சேனலின் அறிவிப்பாளர் செய்தியை வாசித்து முடித்து, அதே மூச்சில், அனுப்பப்பட்ட குறிப்பின் அடியில் இருந்த "சாம்சங் கருவியிலிருந்து அனுப்பப்பட்டது" என்ற வரியையும் வாசித்துவிட்டார். அதைப் பார்த்த ஒரு சாதாரண மனிதர் அடுத்த நாள் அதே சேனலில் விலைவாசிச் செய்தியை எப்படி நம்புவார்?

இதற்குப் பின்னால் இருப்பது உரிமையாளர் யார் என்ற கேள்வி. 2016 முதல் பெரிய சேனல்களும் நாளேடுகளும் கைமாறத் தொடங்கின. பொது உளவுத்துறையோடு தொடர்புள்ள ஈகிள் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் அவற்றைத் தன் கைக்குள் கொண்டுவந்ததை 2017 டிசம்பரில் அம்பலப்படுத்தியதும் மதா மஸ்ர்தான். தணிக்கை அதிகாரி வந்து சிவப்பு மையால் அடிப்பதெல்லாம் பழைய முறை. நிறுவனத்தையே வாங்கிவிட்டால் அந்த வேலை மிச்சம்.

மதா மஸ்ரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுது. 2013-இல், மூடப்பட்ட ஓர் ஆங்கில வார இதழிலிருந்து வெளியேறியவர்கள் கெய்ரோவில் ஆரம்பித்தது. ஆசிரியர் லினா அத்தல்லா. 2017 மே 24 அன்று அரசு ஒரே அடியில் 21 தளங்களை முடக்கியபோது இதுவும் முடங்கியது. முடக்குவதிலும் ஒரு சூது இருக்கிறது. இணையச் சேவை நிறுவனத்தின் வலையமைப்பில் உள்ள கருவி, போகும் கோரிக்கையில் தளத்தின் பெயரைப் பார்த்ததும், இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் போலிச் சமிக்ஞையை நடுவில் நுழைக்கிறது. வாசகரின் திரையில் "தடை செய்யப்பட்டது" என்று எதுவும் வராது. பக்கம் திறக்கவில்லை, அவ்வளவுதான். தளம்தான் பழுது என்று நினைத்துப் போய்விடுகிறார். அதனால் மதா மஸ்ர் முழுக் கட்டுரையையும் ஃபேஸ்புக்கில் ஏற்றுகிறது, மாற்று முகவரிகளில் நகல் தளம் வைக்கிறது. நகல் முகவரியும் கண்டுபிடிக்கப்பட்டு அடைபடும், அடுத்ததைத் திறக்க வேண்டும். விபிஎன் (வெளிநாட்டுக் கணினி வழியாகச் சுற்றிவரும் இணைப்பு) போட்டு வருபவர்கள் வெளிநாட்டு வாசகர்களாகக் கணக்கில் விழுவார்கள். உள்ளூர் விளம்பரதாரரிடம் காட்ட எண்ணிக்கையே மிஞ்சாது. தடை முதலில் தொடுவது வாசகரை, கடைசியில் அடைப்பது வருமானத்தை.

2018-இல் வந்த 180-ஆம் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. செய்தித் தளம் நடத்த ஊடக ஒழுங்குமுறை உச்ச மன்றத்தின் உரிமம் வேண்டும்; 5,000 பேர் பின்தொடரும் தனிநபர் கணக்கைக்கூட முடக்க அந்த மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மதா மஸ்ர் விண்ணப்பித்தது. பதில் வரவில்லை. 2022-இல் உரிமமின்றித் தளம் நடத்தியதாக லினா அத்தல்லா மீதே குற்றச்சாட்டு. விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, உரிமம் எங்கே என்று கேட்பது! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

இப்போதைய அதிபர் சிசியின் மகன் மாஸ்கோவுக்கு அனுப்பப்படுவது பற்றி 2019 நவம்பர் 20-இல் மதா மஸ்ரில் எழுதினார்கள். 23-ஆம் தேதி தளத்தின் ஓர் ஆசிரியரை வீட்டிலிருந்து பிடித்துப் போனார்கள், 24-ஆம் தேதி அலுவலகத்தில் சோதனை, மடிக்கணினிகளும் கைபேசிகளும் பறிமுதல். பிடித்தவர்களை அன்றே விடுவித்துவிட்டார்கள். ஆனால் கைபேசிகள் போனதால் அவற்றில் இருந்த தொடர்புகளும் போயின, தகவல் தந்தவர்கள் பயந்தார்கள். உன் மகளிடம் இதை அழுத்திச் சொல்: தகவல் தந்தவரின் பெயரும் எண்ணும் அன்றாடம் கையில் வைத்திருக்கும் கைபேசியில் இருக்கவே கூடாது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகத் தொட்டால் போதும். அல்ஜீரியாவில் அரசு விளம்பரங்கள் எல்லாம் அனெப் என்ற ஒரே அரசு நிறுவனம் வழியாகத்தான் போகும். அதை நிறுத்தினால் நாளேடு தானாகவே வாடும். துனிசியாவைப் பற்றி எழுதும்போதுதான் மனம் கனக்கிறது. 2011-க்குப் பிறகு அரபு உலகிலேயே தாராளமான பத்திரிகைச் சட்டம் அங்கே இருந்தது. 2022 செப்டம்பரில் வந்த 54-ஆம் ஆணையின் 24-ஆம் பிரிவு, பொய்ச் செய்திக்கு ஐந்து ஆண்டுச் சிறை என்கிறது. அரசு ஊழியரைப் பற்றியதானால் இரட்டிப்பு. எது பொய் என்று முடிவு செய்வது அரசு வழக்கறிஞர். 2024 மே மாதம், தொலைக்காட்சியில் சொன்ன கிண்டலான ஒரு வரிக்காக வழக்கறிஞர் சோனியா தஹ்மானி கைதானார்.

அல் ஜசீரா, அல் அரபியா தொலைக்காட்சிகள் பற்றி எழுதாமல் இருக்க முடியாதுதான். அல் ஜசீரா 1996-இல் வந்தது கத்தார் பணத்தில், அல் அரபியா 2003-இல் வந்தது சவூதி பணத்தில். முதலாளி நாட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் துணிச்சலான செய்தி தருவார்கள். 2017-இல் கத்தாரை முற்றுகையிட்ட நாடுகள் வைத்த 13 நிபந்தனைகளில் ஒன்று அல் ஜசீராவை மூடு என்பது. நிறைய அரபுக் குடும்பங்களில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து நடுவில் உண்மையைத் தேடுகிறார்கள். அந்த உழைப்புக்கு என் மரியாதை உண்டு.

சுயேச்சைத் தளங்களின் பெரிய புண் வெளிநாட்டு நிதி. உள்ளூரில் விளம்பரம் கிடையாது, அதனால் ஐரோப்பிய, அமெரிக்க நல்கை (மானியப் பணம்). அது பெரும்பாலும் ஓராண்டுத் திட்டத்துக்குத்தான் வரும். வாடகைக்கும் வழக்கறிஞருக்கும் சேர்த்து வருவது அரிது. எந்தப் பொருளில் எழுதலாம் என்பதையும் கொடுப்பவரின் ஆண்டுத் திட்டமே தீர்மானிக்கும். எகிப்தின் குற்றவியல் சட்டம் 78-ஆம் பிரிவில், தேச நலனுக்கு எதிராக வெளிநாட்டுப் பணம் வாங்கினால் ஆயுள் தண்டனை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல சிறு தளங்கள் ஆட்டம் கண்டன. "வெளிநாட்டுக் கூலிகள்" என்று அரசு தூற்றும்போது, கணக்கை வெளிப்படையாகப் போடாத தளத்தால் பதில் சொல்ல முடிவதில்லை. யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுவதுதான் முதல் தற்காப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜோர்டானின் அம்மானில் 2005-இல் தொடங்கிய, புலனாய்வுச் செய்தியாளர்களுக்கான அரிஜ் அமைப்பின் வேலைமுறையையும் சேர்த்துக்கொள். செய்தியாளர் முதலில் தன் ஊகத்தை ஓரிரு வரியில் எழுத வேண்டும்; அதை நிரூபிக்கவோ உடைக்கவோ ஆவணம் தேட வேண்டும்; குற்றம் சாட்டப்படுபவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும்; வெளியாகும் முன் வழக்கறிஞர் படிக்க வேண்டும். மெதுவான வேலை. ஆனால் வழக்கு வந்தால் கையில் கோப்பு இருக்கும்.

வரைவு முடிந்ததும் அனுப்பு, பெயர்களின் உச்சரிப்பைச் சரிபார்த்துத் தருகிறேன். 180-ஆம் சட்டத்தின் அரபு மூலம் என்னிடம் இருக்கிறது. 5,000 பேர் பின்தொடரும் கணக்குகளைப் பற்றிய 19-ஆம் பிரிவை மட்டும் தமிழாக்கி அடுத்த கடிதத்தோடு வைக்கிறேன்.

அன்புடன்,
ரஃபீக்