கொக்கியிலிருந்து கீழே வா

கோவை

அன்புள்ள கண்ணு,

கப்பல் கிரேனின் உறுப்புகள் மனத்தில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஃபவுண்டரியில் கிரேன் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன் சொல்கிறேன்: படத்திலுள்ள எண் வரிசையை மனப்பாடம் செய்யாதே, சுமையின் பாரம் எந்த வழியாகக் கப்பலின் உடம்புக்குப் போகிறது என்று தொடர்ந்து பார், பெயர்கள் தாமே வரிசைக்கு வரும்.

கொக்கிக்கு மேலே, கப்பிகள் அடங்கிய ஹூக் பிளாக். அங்கிருந்து, சுமையைத் தூக்கும் ஹாய்ஸ்டிங் ரோப் என்ற கம்பிக் கயிறு, கிரேனின் நீண்ட கையான ஜிப்பின் நுனியிலுள்ள கப்பிகளில் ஏறி, இயந்திரங்கள் இருக்கும் கிரேன் வீட்டுக்குள், கயிற்றைச் சுருட்டும் விஞ்ச் டிரம்முக்குப் போகிறது. ஜிப்பை ஏற்றி இறக்கும் லஃபிங் ரோப்புக்கு டிரம்மும் வேறு. உன் தாத்தா மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்தபோது நீர்ச்சாலைத் தூக்க வடக்கயிறும், அதன் அடியிலுள்ள தோல் குழாயான தும்பியைப் பிடிக்க வால்கயிறும் தனித்தனியே ஓடியதைப் போல, இவையும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. சில கிரேன்களில் லஃபிங் ரோப்புக்குப் பதிலாக ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கும்.

ரோப்பைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். அதன் விட்டத்தைப்போல எட்டு மடங்கு நீளத்தில், கண்ணுக்குத் தெரியும்படி அறுந்த இழைகள் மொத்த இழைகளில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது நம் நாட்டின் 1990-ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் விதிமுறை. 28 மில்லிமீட்டர் ரோப்பில் அந்த நீளம் 224 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண்தான். துரு, நசுங்கல், வறண்ட கிரீஸ் ஆகியவற்றையும் கப்பிகளின் பள்ளத்தில் ரோப் வளையும் இடங்களில் தேடு.

ஜிப்பின் அடி, கிரேன் வீட்டோடு பின்களால் பூட்டப்பட்டிருக்கும். அந்த வீடு முழுவதும் ஸ்லூயிங் பேரிங் என்ற சுழல் தாங்கியின் மேல் சுழல்கிறது. ஸ்லூயிங் மோட்டாரின் சிறு பற்சக்கரம் பெரிய பல்வளையத்தைக் கடித்துச் சுழற்றுகிறது. அடியிலுள்ள தூணான பீடஸ்டல் சுழலாது, டெக்கோடு பற்றவைக்கப்பட்டது. பேரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எளிதில் கண்ணில் படாதவை என்பதால் அவற்றை நான் மிகவும் அஞ்சுவேன். ஒன்று தளர்ந்தாலும் பக்கத்துப் போல்ட்டுகள் அந்தப் பாரத்தையும் சுமக்க வேண்டிவரும்.

ஜிப்பில் எழுதியுள்ள டன் கணக்கை அதற்குரிய ஆர தூரத்தோடு, அதாவது கிரேன் சுழலும் நடுவிலிருந்து கொக்கி வரையுள்ள தூரத்தோடு, சேர்த்தே படி. 30 டன் கிரேனை 35 டன் வைத்துச் சோதிப்பார்கள். அந்தக் கூடுதல் ஐந்து டன் சோதனைக்கு மட்டுமே, சரக்குக்கு அல்ல. கொக்கி ஜிப் நுனியில் மோதுமுன் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதை வேலை தொடங்கும் முன்னரே பார்த்துவிட வேண்டும்.

கிரேன் ஓடாத நேரத்தில், அதிகாரியிடம் சொல்லிவிட்டு, பெல்ட் மாட்டிக்கொண்டு ஏறு. பேரிங்குக்குக் கிரீஸ் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா