மீனைத் தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பகுதியில், பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவுக்கு ஃப்ளை ஃபிஷிங் (பூச்சியையோ சிறு இரையையோ போலக் கட்டிய செயற்கை இரையைத் தூண்டிலில் வீசி மீன் பிடிப்பது) செய்யப் போய்வந்தவரின் கட்டுரையை வாசித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் இவ்வளவு ஆசையாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. முழங்கால் ஆழக் கடலில் நின்று, மீனைக் கண்ணால் கண்ட பிறகே தூண்டிலை வீசும் பொறுமையை அழகாகச் சொல்லியிருக்கிறார். போன்ஃபிஷ் என்னும் வெள்ளி நிறக் கடல்மீன் தலைகீழாக மணலைக் கிளறி நண்டு தேடும்போது அதன் வால்நுனி மட்டும் நீருக்கு மேலே வெள்ளியாக மின்னுவதை அவர் எழுதியிருக்கும் இடத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் ஃப்ளோரிடாவில் வசிக்கிறோம். பஹாமாஸ் எங்களுக்குப் பக்கம். அந்தக் கடலை நன்றாகத் தெரியும்.

என் வருத்தமெல்லாம் கட்டுரையோடு முக்கால் பக்கத்துக்கு வந்த படத்தின் மேல்தான். பயணி ஒரு போன்ஃபிஷ்ஷை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, கேமராவை நோக்கி நீட்டிப் பிடித்திருக்கிறார். ஒரு கையின் விரல்கள் செவுள் மூடிக்குள் போயிருக்கின்றன. மீனிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வடியவில்லை. வெளியே எடுத்து நேரமாகிவிட்டது என்பது பார்த்தாலே தெரிகிறது. படத்தின் கீழே, பிறகு அதைப் பத்திரமாகக் கடலில் விட்டுவிட்டதாக ஒரு வரி. அந்த மீன் அன்று மாலை உயிரோடு இருந்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

தூண்டில் முள் மாட்டியவுடன் போன்ஃபிஷ் ஓடும் ஓட்டத்தில் ரீலிலிருந்து நூறு மீட்டர் கயிறு போய்விடும். தன்னிடமுள்ள அத்தனை சக்தியையும் செலவழித்துவிட்டுத்தான் அது கைக்கு வருகிறது. அதற்கு மூச்சு மிக அதிகமாகத் தேவைப்படுகிற நேரமே அதுதான். அப்போது வெளியே தூக்கினால், செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூச்சு நின்றுபோகும். வெயிலில் சூடேறிய ஆழமில்லாத நீரில் ஆக்சிஜனும் குறைவு. திரும்ப விட்டாலும் மீன் தேறுவதற்கு நேரம் பிடிக்கும். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழும்பு உரிந்துவிடுகிறது. அந்த வழும்புதான் அதைக் கிருமிகளிடமிருந்து காக்கும் தோல்.

இதெல்லாம் ஊகமில்லை. பஹாமாஸின் எலூத்ரா தீவில் ஆய்வாளர்கள் போன்ஃபிஷ்ஷைத் தூண்டிலில் பிடித்து, விட்டு, பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வின்படி, விடப்பட்டதும் நிலைதடுமாறிப் புரண்ட மீன்கள் வேறு மீன்களுக்கு இரையாகும் வாய்ப்பு, நேராக நீந்திப்போன மீன்களைவிட ஆறு மடங்குக்கும் அதிகம். எவ்வளவு நேரம் காற்றில் வைத்திருக்கிறோமோ, அவ்வளவுக்கு அது தடுமாறும். அந்தப் பரப்பில் எலுமிச்சைச் சுறாவும் சீலாவும் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கூட்டத்தோடு திரியும் போன்ஃபிஷ்ஷைத் துரத்திப் பிடிப்பது அவற்றுக்கு எளிதில்லை. களைத்துப்போய், கூட்டத்தைப் பிரிந்து, ஒருக்களித்து மிதக்கும் ஒற்றை மீன் தானாக வந்து விழும் இரை.

பக்கத்துப் படகில் வந்தவர்கள் இப்படித்தான் ஒரு மீனை ஆளுக்கு ஆள் கைமாற்றி, படம் எடுத்து, கைதட்டி விட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படகு நகர்ந்து போன திசையிலேயே சற்று நேரத்தில் தண்ணீர் கலங்கியது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் பிழைத்துப் போய்விட்டதாகவே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நம் கடற்கரையில் மீன் பிடிப்பவர் உலைக்குப் பிடிக்கிறார், விற்கப் பிடிக்கிறார். அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கப்போவதில்லை. ஃப்ளை ஃபிஷிங் செய்கிறவர் பொழுதுபோக்குக்காக மீனின் வாயில் முள்ளை மாட்டுகிறார். அதற்கு ஒரே நியாயம், மீன் உயிரோடு திரும்பிப் போகிறது என்பதுதான். அது பொய்யானால் மிச்சமிருப்பது வெறும் வதை. இதைச் சொல்வது கடுமையாக இருக்கலாம். ஆனால் இந்த விளையாட்டை நேசிக்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

அரசுகளுக்கும் இது தெரியும். பெலீஸ் நாடு 2009-ல் போன்ஃபிஷ், பெர்மிட், டார்ப்பன் ஆகிய மூன்று வகை மீன்களையும் பிடித்தால் விட்டே ஆகவேண்டும் என்று சட்டம் செய்தது. பஹாமாஸில் போன்ஃபிஷ்ஷை வலை போட்டுப் பிடிப்பதும் விற்பதும் தடை. 2017 முதல் வெளிநாட்டவர் அந்த ஆழமில்லாத கடலில் தூண்டில் போட உரிமமும் வாங்க வேண்டும். எங்கள் ஃப்ளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள டார்ப்பனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்குவதே குற்றம். சாதனைப் பதிவுக்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. எல்லா மீனுக்கும் எல்லா ஊரிலும் இந்தச் சட்டம் வரவேண்டும் என்பது என் ஆசை.

காசும் இதில் இருக்கிறது. பஹாமாஸுக்கு இந்த மீன்பிடிச் சுற்றுலாவால் ஆண்டுக்கு 141 மில்லியன் டாலர் வருவதாக 2010-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். வேறு தொழில் அதிகம் இல்லாத வெளித்தீவுகளில், படகில் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ளும் கைடு (மீன் பிடிக்க அழைத்துப் போகும் வழிகாட்டி) ஒருவரின் வருமானத்தில் ஒரு வீடே நடக்கிறது. ஒரே மீனைப் பல ஆண்டுகளில் பல பேர் பிடித்து விட முடியும் என்பதால்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. போன்ஃபிஷ் இருபது ஆண்டு வரைகூட வாழக்கூடியது.

அப்படியானால் கைடே தடுக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். அவரால் முடிவதில்லை. நாள் முடிவில் விருந்தினர் தரும் அன்பளிப்பு அவருக்குக் கூலியில் பெரிய பங்கு. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வந்தவரிடம் ‘ஐயா, மீனைக் கீழே இறக்குங்கள்’ என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சொல்கிற கைடுகளும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனாலும் போகிறவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரிந்துகொண்டு போவதுதான் முறை. உங்கள் இதழால் செய்ய முடிந்ததும் அதுதான்.

இந்த மீனுக்கு வேறு ஆபத்துகள் நிறைய இருக்கின்றன. 2010 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் ஃப்ளோரிடாவின் தெற்கு முனையிலுள்ள கீஸ் தீவுக்கூட்டப் பகுதியில் ஏராளமான மீன்கள் செத்தன. 2022-ல் வெளியான ஆய்வில், இங்கே சோதித்த 93 போன்ஃபிஷ்களிலும் மனிதர் உண்ணும் மருந்துகளின் தடயம் இருந்தது. சராசரியாக மீனுக்கு ஏழு மருந்து. ரத்த அழுத்தத்துக்கு நாம் விழுங்கும் மாத்திரை சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய் மீனின் ரத்தத்தில் சேர்கிறது. இனப்பெருக்கமும் லேசில்லை. குளிர்மாதங்களில் முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டி ஆயிரக்கணக்கில் கூடி, இரவில் ஆழ்கடலுக்குப் போய், நூறு மீட்டருக்கும் கீழே இறங்கி முட்டையிடும். பிறக்கும் கண்ணாடிபோன்ற குஞ்சுகள் ஏழெட்டு வாரம்கூட நீரோட்டத்தில் அலைந்துதான் கரைப்பக்கம் வந்து சேரும். குளிரையும் சாக்கடையையும் நீரோட்டத்தையும் ஒரு வாரம் விடுமுறைக்கு வருகிறவரால் மாற்ற முடியாது. மீனைப் பிடித்திருக்கும் கையை மாற்ற முடியும்.

நம்மவர்கள் மாலத்தீவுக்கும் அந்தமானுக்கும் இப்போது நிறையப் போகிறார்கள். அங்கே தூண்டிலுக்குப் பெரிய பாரை மாட்டும். ஆளுயரத்துக்கு வளரக்கூடிய அந்த மீனை மடியில் கிடத்திப் படம் எடுக்கும் மோகமும் பெரியது. உங்கள் பக்கத்தில் வந்ததைப் பார்த்துத்தான் அடுத்தவர் அதேபோல் தூக்குவார். ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு, மீன் தண்ணீரில் கிடக்க, மனிதர் குனிந்து அல்லது மண்டியிட்டு அதைத் தாங்கியிருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகிலும் அது குறைந்ததில்லை. தண்ணீருக்குள் போன்ஃபிஷ்ஷின் முதுகில் தெரியும் பச்சை வெளியே எடுத்தால் தெரிவதே இல்லை.

கட்டுரையின் ஓரத்தில் நாலு வரிக்கு இடம் தந்தால் இவற்றைப் போடலாம்: முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் போங்கள், கழற்றுவது சுலபம். மீனை அதிக நேரம் அலைக்கழிக்காமல் சீக்கிரம் கைக்குக் கொண்டுவாருங்கள். தொடுமுன் கையை நனையுங்கள். சன்ஸ்கிரீன் பூசிய கையால் தொடாதீர்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். சுறா கண்ணில் பட்டால் அந்த இடத்தில் மீன் பிடிப்பதையே நிறுத்திவிட்டு வேறு இடத்துக்குப் போங்கள். விடும்போது தள்ளிவிடாமல், அது நேராக நின்று தானாக வாலை அசைத்துக் கிளம்பும்வரை பிடித்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ளோரிடா